பூசணிக்காய்ப் பேயும் பத்துக் கட்டக் குழியும்

மலர்க்குழு நண்பன் ஒருநாள் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "மச்சி, கவிதை மட்டும் கத்தை கத்தையா வந்திருக்கு. பாதி அம்மா, பாதி காதல். நீயாச்சும் உரைநடையில ஏதாவது எழுதிக் குடுடா" என்றான். "என்ன எழுத?" என்றேன். "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்தானே, ஒரு கேமுக்கு விமர்சனம் எழுது. சினிமாவுக்கு எழுதுறாங்கல்ல, அது மாதிரி" என்று சொல்லிவிட்டு, என் வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே நண்பர்களே, இது ஒரு கேம் விமர்சனம். ஆனால் கடையில் விற்கிற கேம் அல்ல. இன்டர்நெட்டில் தேடினாலும் கிடைக்காது. நம்ம டிபார்ட்மென்ட் லேபில் மூன்று பேர் சேர்ந்து 2023 அக்டோபரில் செய்த பேய் கேம். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் பிள்ளைக்குத் தானே நடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொள்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தப் பிள்ளையின் நடத்தை அப்படியொன்றும் நன்றாக இல்லை.

பிளாட்ஃபார்ம் கேம் என்றதும் மெக்கானிக்கல் நண்பர்கள் ரயில்வே பிளாட்ஃபார்ம் என்று நினைத்துவிட வேண்டாம். (நம்ம ஊருக்கு ரயிலே கிடையாது. பிளாட்ஃபார்ம் பார்க்க வேண்டுமென்றால் தேனிக்குத்தான் போக வேண்டும்.) திரையில் மேடை மேடையாக இருக்கும். ஓடணும், தாவணும், குழியில் விழாமல் கடைசி வரை போய்ச் சேரணும். அவ்வளவுதான் விஷயம். 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ்தான் இந்த வகைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தது. எங்க மாமா காலத்தில் கேசட் சொருகி டி.வி.யில் விளையாடிய அதே மீசைக்காரர்.

எனக்குக் கிடைத்தது மீசைக்காரர் அல்ல, ஒரு பென்குயின். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது அல்லவா, அதில் என் அக்காவுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்கா விண்டோஸ் பக்கம் படம் பார்த்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த லேப்டாப் எனக்கு வந்தது. பேட்டரி செத்துப்போய், எப்போதும் ஒயரோடு கட்டிப்போட்ட மாடு மாதிரி இருக்கும். லினக்ஸ் பக்கம் என்னதான் இருக்கிறது என்று நோண்டப் போய்த்தான் சூப்பர்டக்ஸ் என்ற கேம் கண்ணில் பட்டது.

சூப்பர்டக்ஸ் கிட்டத்தட்ட மரியோவின் ரசிகர் மன்றம் மாதிரி. பில் கென்ட்ரிக் என்பவர் ஆரம்பித்து வைத்தார். பிறகு பல நாட்டு ஆர்வலர்கள் காசு வாங்காமல் ஆளுக்குக் கொஞ்சம் செய்து வளர்த்தார்கள். மீசைக்காரருக்குப் பதில் லினக்ஸின் சின்னமான டக்ஸ் பென்குயின். காதலி பென்னியை நோலாக் என்ற வில்லன் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். நம்ம பழைய சினிமாக் கதைதான். 2018 டிசம்பரில் வந்த 0.6 பதிப்பில் பனித்தீவைத் தாண்டினால் ஒரு காடு வரும். காட்டுக்குள் பேய்க்காடும் உண்டு. ஊதா நிற மரங்கள், குதிக்கும் மண்டையோடு, அந்தரத்தில் மிதந்து வரும் நெருப்புருண்டை. அந்த உருண்டைக்கு ஆங்கிலத்தில் என்னவோ நீளமான பேர். எங்க அப்பத்தாவைக் கேட்டால் ஒரே வார்த்தையில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிவிடும்.

இந்தக் கேமில் எனக்குப் பிடித்ததே இதன் எடிட்டர்தான். நாமே கட்டம் கட்டமாக வைத்து ஒரு லெவலை உருவாக்கலாம். லெவல் ஃபைல் வெறும் எழுத்துகளால் ஆனது. நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். இதை லேபில் சொன்னபோது இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவன் என் வகுப்பு, லட்சுமிபுரத்தான். இன்னொருவர் தேவதானப்பட்டிக்கார அண்ணன், அப்போது மூன்றாம் ஆண்டு.

ஹாலோவீனுக்குப் பண்ணுவோம் என்று சொன்னது லட்சுமிபுரத்தான். அக்டோபர் 31 ராத்திரி அயர்லாந்து, அமெரிக்கா பக்கமெல்லாம் பேய் வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும். அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள்; அமெரிக்காவுக்குப் போன பிறகு அது பூசணிக்காய் ஆனது. மறுநாள் நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள். "நமக்கு எதுக்குடா மேல்நாட்டுப் பேய்?" என்றேன். அவன் ஜன்னல் வழியாக வெளியே கை காட்டினான். ஆயுத பூசைக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் உடைத்த பூசணிக்காய், குங்குமத்தோடு அங்கேயே கிடந்தது. "புது வீடு கட்டுறப்ப கண்ணும் பல்லும் வரைஞ்சு பூசணிக்காய் கட்டித் தொங்க விடுறோமே, அவங்களும் அதைத்தானடா பண்றாங்க" என்றான். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. திருஷ்டிப் பூசணிக்காய்தான் எங்கள் கேமின் கதாநாயகப் பேய். ஜிம்ப் மென்பொருளில் வரைந்தோம். மீசை வைத்தது என் யோசனை.

இனி விமர்சனம். மொத்தம் ஐந்து லெவல். முதலாவது மாந்தோப்பு, இரண்டாவது ஆற்றங்கரை. இரண்டும் நான் செய்தவை. தோப்பில் காவல் குடிசை, அரிக்கேன் விளக்கு, கிளைக்குக் கிளை தாவுகிற மண்டையோடு. பரவாயில்லை, நன்றாகவே வந்திருக்கிறது. ஆற்றங்கரை நம்ம வராக நதிதான். இந்தக் கரையிலிருந்து எதிரே இருக்கும் மருத மரத்துக்குத் தாவணும். நடுவில் பத்துக் கட்ட அகலத்தில் தண்ணீர். இதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது லட்சுமிபுரத்தானுடையது. அடுக்கம் மலைப்பாதை, நிலா வெளிச்சம், மூடுபனி, தூரத்தில் கொடைக்கானல் விளக்குகள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விளையாட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை! ஒரே ஒரு நத்தை வருகிறது, அதுவும் எதிர்ப்பக்கம் பார்த்துப் போகிறது. வலது அம்புக்குறியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் டீ குடிக்கலாம். நான் குடித்தேன். கேட்டால், "பயப்படுத்துறது மட்டுமா பேய்க் கதை? கொஞ்சம் ரசிக்கவும் விடணும்டா" என்கிறான்.

அடுத்தது தேவதானப்பட்டி அண்ணனின் நாலாம் லெவல். சுடுகாடு. அங்கே ஒரு பெரிய கதவு. எங்கேயோ ஒளிந்திருக்கும் சுவிட்சை மிதித்தால்தான் திறக்கும். வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கட்டைகள். தாவினால் தலையில் இடித்து நேராகக் குழிக்குள் தள்ளிவிடும். அவர் ஊரில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் சன்னதிக் கதவைத் திறப்பதே இல்லை, அடைத்த கதவுக்குத்தான் பூசை. "அண்ணே, அந்தப் பழக்கத்துல இந்தக் கதவையும் வச்சிட்டீங்களா?" என்று கேட்டோம். சிரித்தாரே ஒழிய சுவிட்ச் எங்கே என்று சொல்லவில்லை. அவரே முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவையாவது விளையாடி முடித்தாரா என்பது சந்தேகம். தொடக்கப் புள்ளியை நடுவில் நகர்த்தி வைத்துக்கொண்டு பாதிப் பாதியாகத்தான் ஓட்டிப் பார்த்தார். நின்டெண்டோ 2015-ல் சூப்பர் மரியோ மேக்கர் என்று ஒன்று வெளியிட்டது. அதிலும் நாமே லெவல் கட்டலாம். ஆனால் கட்டியவர் தானே ஒருமுறை முழுசாக விளையாடி ஜெயித்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு வெளியிட விட்டார்கள். எங்கள் லேபில் அப்படியொரு சட்டம் இருந்திருந்தால் நாலாம் லெவல் பிறந்தே இருக்காது. ஐந்தாவது ஹாஸ்டல், அவசரத்தில் முடித்தோம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 31 மாலை லேபில் நாலு சிஸ்டத்தில் போட்டு வைத்து ஜூனியர்களை விளையாடக் கூப்பிட்டோம். கூட்டம் நன்றாகவே வந்தது. அதில் ஒரு முதலாண்டுத் தம்பி. அடுக்கம் போகிற வழியில் மலையடிவாரத்தில் வீடு, அப்பாவுக்கு மாந்தோப்புக் காவல். பத்தாவது வரை தமிழ் மீடியம். காலேஜுக்கு வந்துதான் கீபோர்டில் கை வைத்திருக்கிறான். முதல் லெவலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, அரிக்கேனை இப்படி வாசல்ல மாட்ட மாட்டாங்கண்ணே. காத்து வாங்கி அணைஞ்சிரும். உள்பக்கமாத்தான் மாட்டுவாங்க" என்றான். நாற்பது பேர் விளையாடியதில் அந்த விளக்கைக் கவனித்தவன் அவன் ஒருவன்தான். மெதுவாக, ஒவ்வொரு கிளையாகப் பார்த்துப் பார்த்துத் தாவி, தோப்பைத் தாண்டிவிட்டான்.

அடுத்து ஆற்றங்கரை. தாவினான், விழுந்தான். திரும்பத் தாவினான், விழுந்தான். பின்னால் நின்றவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். "ஏழு... எட்டு..." பதினைந்துக்குமேல் கைதட்டலும் விசிலும் சேர்ந்துகொண்டது. இதில் நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் வைத்த குழியில் ஒருவன் விழுந்துகொண்டே இருப்பதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. இருபத்து மூன்றாவது தடவை விழுந்ததும் அவன் எழுந்தான். "நீங்க ஆடுங்கண்ணே" என்று அடுத்தவனுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அவன் லேபுக்கு வரவில்லை. அவனுடைய ரூம்மேட் வந்து, "அண்ணே, அவன் டி.சி. வாங்கிட்டு ஊருக்குப் போறேங்கிறான். கம்ப்யூட்டரு நமக்கு வராது, அப்பாவோட தோப்புக்கே போயிர்றேங்கிறான்" என்று சொன்னபோது எனக்குத் திக்கென்றது. ஒரு கேமுக்காக யாராவது படிப்பை விடுவார்களா? ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்தேன். தகரப் பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். கேமைப் பற்றிப் பேச்செடுத்தேன். "எப்படித்தாண்ணே அதைத் தாண்டுறது?" என்று கேட்டான்.

"கன்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கிட்டு ஓடி வந்து தாவணும்டா. சும்மா நடந்து வந்து தாவுனா எட்டாது."

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு சொன்னான்: "கன்ட்ரோலை அமுக்கணும்னு யாருமே சொல்லலியேண்ணே."

உண்மைதான். யாரும் சொல்லவில்லை. பின்னால் நின்று எண்ணியவர்களில் பாதிப் பேருக்காவது அது தெரியும். ஓடாமல் தாவினால் ஏறக்குறைய ஏழு கட்டம் போகலாம். ஓடி வந்து தாவினால் பதினொன்று வரை போகும். கிடைமட்ட வேகம், காற்றில் இருக்கும் நேரம், இரண்டையும் பெருக்கினால் தூரம். பிசிக்ஸில் படித்த அதே கணக்குதான். முதல் லெவலில் அந்தப் பட்டனுக்கு எங்குமே வேலை வைக்காமல், இரண்டாவதில் திடீரென்று அது இல்லாமல் தாண்டவே முடியாத ஒன்றை வைத்திருக்கிறேன். அந்தக் குழியை நான் இருநூறு தடவையாவது தாண்டியிருப்பேன். என் விரல் தானாகக் கன்ட்ரோலுக்குப் போய்விடும். ஆகவே எனக்கு அது குழியாகவே தெரியவில்லை.

அன்றைக்கு அவன் இன்னொன்றும் சொன்னான். எம்-ஒன் வகுப்பில் ஏதோ புரியாமல் சந்தேகம் கேட்டிருக்கிறான். "இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிட்டுத்தான வந்திருப்ப" என்று பதில் வந்ததாம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு அவன் கை தூக்கவில்லை. டி.சி. வாங்கும் யோசனை எங்கள் கேமுக்கு முந்தியே வந்துவிட்டது. இருபத்து மூன்றாவது தடவை நான் சிரித்தது அதில் கடைசிச் செங்கல், அவ்வளவுதான்.

பெட்டியை மூடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேல் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. ரூமுக்கு வந்து பழைய மரியோவின் முதல் லெவலை வீடியோவில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் கடைசிப் பக்கம் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவில் வெறும் தரைதான். தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, திரும்ப ஏறலாம். கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஜோடி. அங்கேதான் நடுவில் குழி. அதாவது முதலில் சாகாமல் பழகச் சொல்லிவிட்டுத்தான் பிறகு பயமுறுத்துகிறார்கள்! நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் சொல்லித் தருவதும் இப்படித்தானே? முதல் நாளே வி-கட் வெட்டச் சொல்வதில்லை. இரும்புத் துண்டில் ஒரு பக்கத்தை மட்டமாக அராவணும். அடுத்த பக்கத்தை அதற்குத் தொண்ணூறு டிகிரியில் அராவி, ட்ரை ஸ்கொயரை வைத்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கணும். அப்புறம்தான் ஹேக்ஸா கைக்கு வரும். கை கொப்பளிக்கும், திட்டு விழும். ஆனால் அரத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லாமல் யாரும் விட்டதில்லை.

கஷ்டமான கேமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1985-ல் காப்காம் கம்பெனி வெளியிட்ட கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸும் பேய் கேம்தான், கல்லறைத் தோட்டத்தில்தான் தொடங்கும். இரண்டு அடி பட்டால் ஆள் காலி. முக்கி முனகி முடித்தால், இதெல்லாம் மாயை, முதலிலிருந்து திரும்ப ஆடு என்று சொல்லும்! அதையும் உலகம் கொண்டாடியது. நின்டெண்டோவே 1986-ல் ஜப்பானில் மரியோவின் இரண்டாம் பாகத்தை அவ்வளவு கடுமையாகச் செய்தது. விஷக் காளான், ஆளைத் தள்ளுகிற காற்று என்று. அமெரிக்காவில் இது ஓடாது என்று நினைத்து, வேறொரு கேமை மாற்றியமைத்து அங்கே 1988-ல் இரண்டாம் பாகமாக விட்டார்கள். கடுமையான அந்த அசல் 1993-ல்தான் வேறு பேரில் அங்கே போனது.

எனக்கு உறுத்தியது இன்னொரு கேம். 2007-ல் ஜப்பானில் டகெமோட்டோ என்பவர் மரியோ கேமைத் தானே மாற்றி, அடிக்கு ஒரு பொறி வைத்து, தன் நண்பனை விளையாட விட்டார். அந்த வீடியோக்கள் பெரிய ஹிட். தாவும் இடத்தில் மறைந்திருந்து தலையில் இடிக்கும் கட்டைக்கு இன்றைக்கும் அந்தக் கேமின் பேர்தான், கைசோ கட்டை. தேவதானப்பட்டி அண்ணன் அங்கிருந்துதான் பிடித்திருக்கிறார். ஆனால் டகெமோட்டோவின் நண்பருக்கு மரியோ தண்ணி பட்ட பாடு. இது பொறி என்று தெரிந்தே உட்கார்ந்தவர். எங்கள் தம்பி அப்படியா வந்து உட்கார்ந்தான்?

இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். தோப்பு லெவலின் கடைசியில் பத்துக் கட்டத்துக்கு ஒரு பள்ளம் வைத்தேன், அடியில் தரை. விழுந்தால் ஏறி வந்து திரும்பத் தாவலாம். பக்கத்தில் தலையால் முட்டினால் செய்தி காட்டும் பெட்டி ஒன்று. அதில் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதினேன்: கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டு ஓடு. அரிக்கேனையும் குடிசைக்கு உள்ளே மாட்டினேன். ஆற்றங்கரைக் குழியை மட்டும் பத்திலிருந்து ஒரு கட்டம்கூடக் குறைக்கவில்லை. லட்சுமிபுரத்தானைக் கெஞ்சிக் கேட்டதில் மலைப்பாதையில் இரண்டு கொள்ளிவாய்ப் பிசாசு விட்டான். நாலாம் லெவலைத் தொட அண்ணன் அனுமதிக்கவில்லை. "கலைடா" என்றார்.

தம்பியைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். இந்தத் தடவை வேறு யாரும் லேபில் இல்லை. பள்ளத்தில் நாலு தடவை விழுந்தான். ஆற்றை மூன்றாவது தாவலில் தாண்டினான். தாண்டியதும் சிரிக்கவெல்லாம் இல்லை. "இப்ப ரொம்ப ஈஸியாப் போச்சுண்ணே" என்றான், குறை சொல்கிற மாதிரி. எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது.

விகடன் மாதிரி மார்க் போடச் சொன்னால், தோப்புக்கு 60, ஆற்றங்கரைக்குப் பழைய பதிப்பில் 20, புதியதில் 55, மலைப்பாதைக்கு அழகுக்காக 50, ஹாஸ்டலுக்கு பாஸ் மார்க். நாலாம் லெவலுக்கு வெகுநாள் மார்க்கே போட முடியவில்லை, யாரும் முடித்தால்தானே! அண்ணன் 2024-ல் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்விட்டார். சுவிட்ச் ரகசியமும் அவரோடு போய்விட்டது.

தம்பி டி.சி. வாங்கவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டு. எம்-ஒன்னில் ஒரு அரியர் இன்னும் நிற்கிறது. அதை நான் ஒன்றும் திருத்த முடியவில்லை. போன மாதம் ஒருநாள் லேபில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, லெவல் ஃபைல் வெறும் எழுத்துன்னு சொன்னீங்கள்ல?" என்றான். நாலாம் லெவல் ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து வைத்திருந்தான். சுவிட்ச் என்ற வார்த்தையைத் தேடிப் பிடித்து, பக்கத்திலிருந்த எண்களை நோட்டில் எழுதியிருந்தான். எக்ஸ் 4480, ஒய் 96. ஒரு கட்டம் முப்பத்திரண்டு பிக்சல். வகுத்தால் இடமிருந்து நூற்று நாற்பதாவது கட்டம், மேலிருந்து மூன்றாவது. கதவுக்கு நேர் மேலே, மேகத்துக்குப் பின்னால்!

அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார் போல. "சுவிட்ச்சைக் கண்டுபிடிச்சிட்டோம்ணே, மேகத்துக்குப் பின்னாடி" என்றான் தம்பி.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்படியா... அங்கயா வச்சேன்?" என்றார்.